ராஜமணிக்கு ஒட்டிய நாக்கு

அன்று கரமனை வீட்டு முன்னறையில் இருந்தவர்கள்: அழகியநம்பி மாமா, அவர் மனைவி கிருஷ்ணவேணி அத்தை, ராத்திரி ஷிப்ட் வேலையை விட்டுவிட்டு அவர்கள் சோற்றைத் தின்னும் நான், பதினொன்றுக்கு வந்து சேர்ந்த நேபா.

மாமா கேமரூனில் கெமிஸ்ட்ரி வாத்தியாராக இருந்தவர். கிளம்பும்போது அங்கே கொடுத்த பரிசு அந்த மணி. இரும்புத் தகட்டில் செய்த இரண்டு மணிகள், ஒரே கைப்பிடி. நேபா அந்த ஊர்க்காரன், இங்கே ஆராய்ச்சி மாணவன். அவன் பார்த்துச் சரி என்றால்தான் மணி நாளைய கண்காட்சிக்குப் போகும். அத்தை தெரு முழுக்கச் சொல்லியாயிற்று.

பத்தரைக்கு மணியை மூடியிருந்த துணியை விலக்கியவள் அலறினாள். "இதென்ன நாக்கு?"

"மணின்னா நாக்கு வேண்டாமா?" என்றார் மாமா. " விழுந்து போயிருக்கும்னு நெனச்சேன். சாலைக் கடைத்தெருவுல ரெண்டு பித்தளை நாக்கு வாங்கி எம்சீல் வச்சு ஒட்டினேன். கொள்ளாம் அல்லே, நல்லாருக்குல்லா?"

"ரொம்ப. நாளைக்கு உங்களையும் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்கச் சொல்லுதேன்."

ஹேர் டிரையரால் சூடாக்கி, ஸ்க்ரூடிரைவரால் நெம்பினேன். ஒன்று கழன்றது. இரண்டாவது தொங்கிக்கொண்டிருந்தபோதே நேபா வாசலில் நின்றான்.

வந்து மணிக்குள்ளே எட்டிப் பார்த்தான். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு ஆங்கிலத்தில் சொன்னான்:

"எங்கள் ராஜாவின் உத்தரவுக்கு முன்னால் இந்த மணி வரும். ஜனங்கள் ஒதுங்கி நிற்பார்கள். நாக்கு இருந்தால் தூக்கிக்கொண்டு நடந்தாலே சத்தம் வரும், அது உத்தரவாகுமா? நினைத்து, வெளியிலிருந்து அடிக்க வேண்டும்."

டிரையரை அவனே வாங்கினான். இரண்டாவது நாக்கும் வந்தது. இரும்பில் ஒரு கீறல் இல்லை. குச்சி கேட்டான், அத்தை பருப்பு மத்தைக் கொடுத்தாள்.

அடித்தான். கனத்த ஒலி, மெல்லிய ஒலி, மறுபடி கனத்தது. என் கை மயிர் நின்றது. எதற்கும் அசைகிற ஆள் இல்லை நான். "இன்னொரு தடவை" என்று கத்தினேன். எதிர்வீட்டு ஸ்ரீநிவாஸ் கேட்டைத் திறந்து ரோட்டுக்கே வந்துவிட்டார்.

"அசல். காலையில் வண்டி அனுப்புகிறேன்" என்றான் நேபா. அத்தை கைதட்டினாள்.

"எங்கிட்ட குடு, நானும் ஒண்ணு அடிக்கட்டு" என்றார் மாமா.

"கூடாது சார். ராஜா தானே அடிக்கமாட்டார். அவருக்காக வேறொருவன் அடிப்பான்."

"அப்போ நான் ராஜாவாக்கும்?" மாமா நெஞ்சை நிமிர்த்தினார். கை மட்டும் மத்தை நோக்கிப் போனது.

அத்தை அவர் முதுகில் கைவைத்துத் தள்ளினாள். "ராஜா வெளிய எழுந்தருளட்டு. வண்டி வாறது வரைக்கும் இந்த அறைக்குள்ள காலு வச்சிராதீங்க, கேட்டேளா?"

அவர் இளித்துக்கொண்டே நடைக்குப் போனார். அத்தை கதவைச் சாத்தி, உள்ளிருந்து பூட்டினாள்.