ஐந்து விநாடித் தாமதம்

ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் ஒரு வாரமாகத் திரைகள் உறைந்து உறைந்து நின்றன. மறுமுனையில் யாரோ விலாசம் சொல்லிப் பதறுவார்கள். பதிவு செய்யும் பெண் பொத்தானை அழுத்திவிட்டு ஐந்து விநாடி கையைப் பிசைந்துகொண்டிருப்பாள். சர்வருக்குப் பொறுப்பான பொறியாளருக்குத் தன் அத்தான்மேல்தான் சந்தேகம்.

அக்காவின் கணவர் அவர். அழைப்புகளைப் பதியும் புரோகிராமை எழுதியவரும் அவரே. தலைமைப் பொறுப்பு தனக்கு வராமல் மச்சினிச்சிக்குப் போனதிலிருந்து அலுவலகத்தில் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. திரை உறையும்போதெல்லாம் அவர் உதட்டோரம் சிரிப்பதாக அவளுக்குப் பட்டது.

யாரிடமும் மூச்சுவிடாமல், சர்வர் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் கண்காணிப்பு வைத்தாள். கோப்பைத் திறக்க, எழுத, எந்தப் புரோகிராமும் கெர்னலைத்தான் கேட்டாக வேண்டும். அப்படிக் கேட்டவற்றில் ஒரு விநாடிக்கு மேல் இழுத்தவற்றை மட்டும் குறித்துவைக்கச் சொன்னாள். மதியத்துக்குள் நாற்பது வரிகள். எல்லாமே, எழுதியதை டிஸ்கில் பதித்து உறுதிசெய்யச் சொல்லும் ஒரே கோரிக்கை; எல்லாமே அத்தானின் புரோகிராம். கையும் களவுமாகச் சிக்கிவிட்டார் என்று அவருடைய லாகினை முடக்கினாள்.

மேலதிகாரிக்கு அறிக்கை எழுத உட்கார்ந்தபோதுதான் தன் கட்டளையை மறுபடி படித்தாள். அத்தானின் புரோகிராமை மட்டும் பார் என்றல்லவா எழுதியிருந்தாள். அதில் வேறு யாருடையது விழும்?

அந்த வரம்பை நீக்கி ஓடவிட்டாள். தரவுகளை நகலெடுத்துவைக்கும் பேக்கப் புரோகிராமும் அதே கோரிக்கையில் காத்துக்கிடந்தது. அவளே எழுதிய புரோகிராமும் காத்துக்கிடந்தது. இன்னும் கீழே போய்ப் பார்த்தால், டிஸ்க் எழுத முடியாமல் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப முட்டிக்கொண்டிருந்தது. அது சாகக் கிடந்தது, அவ்வளவுதான்.

டிஸ்கை மாற்றியதும் திரைகள் தடையின்றி ஓடின. லாகினைத் திறந்துவிட்டு அத்தானிடம் போய் நடந்ததைச் சொன்னாள்.

"என்னோடத மட்டும் ஏன் பாத்தே?" என்று கேட்டார்.

அவசரத்தில் என்று சொல்ல வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். "உங்க மேல சந்தேகம், அத்தான்."

அவர் தலையை ஆட்டிவிட்டுத் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்த அத்தான், "வாங்க மேடம்" என்றார்.

கேலி என்று நினைத்து அக்கா உள்ளேயிருந்து சிரித்தாள்.