சாய்த்துப் பிடித்த தாள்

கட்டுக்கலைப் பகுதியில் நடந்த டியூஷன் வகுப்பில்தான் அகீலாவுக்கு அந்தச் சந்தேகம் பிறந்தது. பௌதிகவியல் பரீட்சை. சாய்தளக் கணக்கு வந்ததும், முன்வரிசையில் இருந்த அவளுடைய தோழி நிரஞ்சனி வினாத்தாளை மெல்லச் சாய்த்தாள். அவளுக்குப் பின்னால் இருந்த திலக்ஷனின் தலை நிமிர்ந்தது. விடையை அவனுக்குக் காட்டுகிறாளோ?

புள்ளிகள் வந்தபோது சந்தேகம் முற்றிவிட்டது. கிடை என்றால் கோசைன், நிலைக்குத்து என்றால் சைன் என்று மனப்பாடம் செய்துவைத்திருந்த அகீலாவுக்குச் சாய்தளக் கணக்குகள் அத்தனையும் பிழை. அவர்கள் இருவருக்கும் சரி.

அடுத்த பரீட்சைக்கு அகீலா முந்திப் போய் நிரஞ்சனியின் இடத்துக்கு நேர் பின்னால் இருந்த கதிரையைப் பிடித்துக்கொண்டாள். கணக்கைவிட அவளுடைய முழங்கையைத்தான் அதிகம் பார்த்தாள். தாள் மறுபடியும் சாய்ந்தது. திலக்ஷனோ எங்கோ ஜன்னலோரம் இருந்தான். அப்படியென்றால் யாருக்குக் காட்டுகிறாள்?

பஸ் தரிப்பிடத்தில் கேட்டேவிட்டாள்.

"உண்மையச் சொல்லு. பேப்பரை யாருக்குக் காட்டுற?"

நிரஞ்சனி திகைத்துப்போனாள். "காட்டுறேனா? படத்துல இருக்கிற சரிவு தரை மாதிரி படுக்கிற வரைக்கும் தாளைத் திருப்புவேன். அப்பதான் எனக்கு விளங்கும்."

"எங்க, செஞ்சு காட்டு."

நிரஞ்சனி வினாத்தாளை எடுத்துத் திருப்பினாள். சரிவு படுத்தது; பெட்டியின் நிறையைக் காட்டும் அம்பு சாய்ந்து நின்றது.

"இந்த அம்புக்கும் சரிவுக்குச் செங்குத்தா போற கோட்டுக்கும் நடுவுலதான் கோணம் இருக்கு. கோணத்தை ஒட்டுன பக்கம் கோசைன். எதிர்ப்பக்கம், சரிவோட போறது, சைன். கிடையா நிலைக்குத்தான்னு பார்க்காத."

அகீலா விடவில்லை. "கோணமே இல்லாட்டி?"

"தரை மட்டமாயிடும். பெட்டி வழுக்காது. சைனும் பூச்சியம்தானே."

அகீலா தாளை வாங்கித் தானும் திருப்பிப் பார்த்தாள்.

"இதுக்காகவா எனக்குப் பின்னால வந்து உக்காந்த?" என்றாள் நிரஞ்சனி. ஹந்தானைக்குப் போகும் பஸ் வந்தது. பதிலுக்கு நிற்காமல் ஏறிவிட்டாள்.

அடுத்த வாரம் கயிற்றால் இழுக்கும் கணக்கு. கோணம் நிலைக்குத்தோடு தரப்பட்டிருந்தது. கோணம் எதை ஒட்டியிருக்கிறது என்று பார்த்து, கிடைக்கூறுக்குச் சைன் போட்டாள் அகீலா. சரியாக வந்தது. வகுப்பு முடிந்ததும் நிரஞ்சனியிடம் போனாள்.

"மன்னிச்சுக்க. நான் பிழையா நெனச்சிட்டேன்."

நிரஞ்சனி கொப்பிகளை அடுக்கிக்கொண்டே கேட்டாள். "நான் பேப்பர் காட்டுறேன்னு படிப்பிக்கிற சேர்கிட்ட சொன்னியா?"

"ஒருத்தருக்கும் சொல்லல்ல. வல்லாஹி," என்று அல்லாஹ் மேல் ஆணையிட்டாள் அகீலா.

அது உண்மைதான். ஆனால் நிரஞ்சனி தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் கொப்பிகளைப் பைக்குள் வைத்தாள். நம்பினாளா இல்லையா என்று அகீலாவுக்குத் தெரியவில்லை.