ஆர்டிஸும் நானும் இலை பார்க்கப் போனது

இலை பார்க்கப் போகலாம் என்று ஆர்டிஸ் தொலைபேசியில் சொன்னபோது அவளுக்குக் காய்ச்சல் என்று நினைத்தேன்.

வெர்மாண்ட் மாநிலத்தில் பிறந்தவர்கள் இலை பார்க்கப் போவதில்லை. அக்டோபரில் இலைகள் நிறம் மாறி மலை சிவக்கும். அதைப் பார்க்கச் சமவெளிக்காரர்கள் கார் கட்டிக்கொண்டு வருவார்கள். வளைவில் நிறுத்துவார்கள். நடுச்சாலையில் நின்று படம் எடுப்பார்கள். நாங்கள் விறகு அடுக்கிக்கொண்டிருப்போம். ஆர்டிஸ் முப்பது வருடம் இந்தச் சாலைகளில் தபால் கொடுத்தவள். அவளுக்கு இலை என்றால் தாமதம்.

"எந்த இலைடி?" என்றேன்.

"மரத்துல இருக்கறதுதான். வர்றியா, வேற ஆளப் பாக்கட்டுமா?"

"வேற ஆளு யாரு இருக்கா உனக்கு?"

"அதான் உன்னக் கூப்பிடறேன், வெர்னா."

ஏன் கூப்பிட்டாள் என்று எனக்குத் தெரியும். அவளுக்கு நரம்பு நோய். கால்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்ன பேச்சைக் கேட்காமல் போயின. வீட்டுக்குள் நடைச்சட்டத்தைப் பிடித்து நகர்வாள். வெளியே சக்கர நாற்காலி. அவள் வீட்டு வாசலில் கருங்கல் படிகள், செங்குத்தாக. பனி விழுந்தால் அவற்றில் இறங்க முடியாது. வாசலில் சக்கர நாற்காலி இறங்க ஒரு சாய்தளம் இல்லாமல் இந்தக் குளிர்காலம் தனியாக இருக்கக் கூடாது என்று வீட்டுக்கு வரும் நர்ஸ் சொல்லிவிட்டாள். ஆர்டிஸின் அக்கா மகன் டெரிக், நகரத்தில் முதியோர் குடியிருப்பில் ஓர் அறை பார்த்து வைத்திருந்தான். திங்கட்கிழமை அதற்குக் கையெழுத்து.

சாய்தளம் போடுவது பெரிய வேலையில்லை. வசந்தத்தில், அதே சாலையில் குடியிருக்கும் ரோலண்ட் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு பலகையோடு வந்து நின்றான். "எனக்கெதுக்கு? என்னவிட முடியாதவங்க எத்தனையோ பேரு இருக்காங்க. அவங்களுக்குப் போடு" என்று ஆர்டிஸ் திருப்பி அனுப்பிவிட்டாள்.

இங்கே ஒருமுறைதான் கேட்பார்கள். வேண்டாம் என்றவரிடம் மறுபடி கேட்பது, உன்னால் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்வது. ரோலண்ட் மறுபடி வரவில்லை. நானும் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "உன் வேலையப் பாருடி" என்றாள். பார்த்தேன்.

இனி அவள்தான் வாய் திறந்து கேட்க வேண்டும். அவள் கேட்கிற ஆளில்லை. போவதற்கு முன் மலையை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று நினைத்திருக்கிறாள்.

சனிக்கிழமை காலை போனேன். ஆர்டிஸ் படிகளில் உட்கார்ந்தபடியே இறங்கினாள். ஒரு படி, ஓய்வு, அடுத்த படி. கை கொடுத்தால் கோபம் வரும். பக்கத்தில் நின்று வானத்தைப் பார்த்தேன்.

"மேல என்ன பாக்கற?"

"மழை வருமான்னு."

"வராது. கண்ண இறக்கு, முடிஞ்சுது."

கார் இருக்கையில் உட்கார்ந்து, கால்சட்டையை முழங்காலில் பிடித்து ஒவ்வொரு காலாகத் தூக்கி உள்ளே வைத்தாள். நாற்காலியை மடித்துப் பின்னால் போட்டேன்.

மலைமேல் பார்வைத்தளம் ஒன்று உண்டு. ஆர்டிஸ் அதைத் தினமும் தாண்டிப் போயிருக்கிறாள். நின்றதில்லை. அன்று அது நிரம்பியிருந்தது. முன்வரிசையில் சக்கர நாற்காலிப் படம் போட்ட இடம் ஒன்று மட்டும் காலி.

"அந்த நீல அட்டைய மாட்டு" என்றேன். அந்த இடத்தில் நிறுத்த அனுமதிக்கும் அட்டை, அவள் கைப்பையில் இருந்தது. வாங்கியதிலிருந்து அங்கேதான் இருக்கிறது.

"வேண்டாம். நெஜமாவே முடியாதவங்க யாராவது வருவாங்க."

"அப்ப நீ யாரு?"

"நான் தபால்காரி. ஓரமா நிறுத்து."

கடைசியில், புல்சரிவில் நிறுத்தினேன். கார் ஒருபக்கம் சாய்ந்து நின்றது. அங்கே நாற்காலியை விரிக்க முடியாது. ஆர்டிஸ் உள்ளேயே உட்கார்ந்து கண்ணாடியை இறக்கினாள். எங்கள் முன்னால் ஒரு சுற்றுலாப் பேருந்து. அதற்கு இடதுபுறம் கொஞ்சம் மலை தெரிந்தது.

"பஸ்ஸு அழகா இருக்கு" என்றாள்.

சிவப்புத் தொப்பி போட்ட பெண் ஒருத்தி கணவனோடு வந்தாள். கழிப்பறை எங்கே என்று கேட்டாள். ஆர்டிஸ் சொன்னாள். பக்கத்தில் நல்ல ஆப்பிள் எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். அதையும் சொன்னாள். ஒரு படம் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டாள். ஆர்டிஸ் ஜன்னல் வழியே கை நீட்டிக் கைப்பேசியை வாங்கினாள்.

"ரெண்டு பேரும் சிரிங்க. அவரு சிரிக்கல."

"அவரு அப்படித்தான்" என்றாள் அந்தப் பெண். "இங்கயேதான் இருக்கீங்களா? குடுத்து வெச்சவங்க நீங்க."

"ஏப்ரல்ல பனி உருகும்போது வாங்க. சேத்துல கார் தள்ளலாம்."

அவர்கள் சிரித்துக்கொண்டே போனார்கள். ஆர்டிஸ் கண்ணாடியை ஏற்றினாள்.

"பாத்தியா? கழிப்பறை கேக்கறா, ஆப்பிள் கேக்கறா, படம் எடுக்கச் சொல்றா. கேக்கறது இவங்களுக்கு மூச்சு விடற மாதிரி."

"கேட்டா என்ன கொறஞ்சா போச்சு?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதற்கு மேல் நான் சொல்லக் கூடாது. சொன்னதே அதிகம்.

"வண்டிய எடு" என்றாள்.

கணவாய் வழியாக இறங்கினோம். அங்கே மேப்பிள் மரங்கள் சாலைக்கு மேல் கூடியிருந்தன. வெயில் இலைகளுக்குள் புகுந்து காருக்குள் சிவப்பாக விழுந்தது. ஆர்டிஸின் கைகள் சிவந்தன. பிர்ச் மரங்கள் மஞ்சள். ஓக் இன்னும் பச்சையை விடவில்லை. மெதுவாகப் போகச் சொன்னாள். இன்னும் மெதுவாக என்றாள். பின்னால் ஓர் உள்ளூர் லாரி ஹாரன் அடித்தது.

"அடிக்கட்டும்" என்றாள். "நானும் இப்படித்தான் அடிப்பேன்."

மலைக்கு அந்தப் பக்கத்துச் சிற்றூரில், தேவாலயத்தில் கோழிக்கறி விருந்து. அக்டோபரில் எல்லாத் தேவாலயங்களிலும் நடக்கும். பந்தி பந்தியாக உட்கார வைப்பார்கள். போன வாரமே தொலைபேசியில் முதல் பந்திக்கு இரண்டு இடம் சொல்லி வைத்திருந்தேன். படி இருக்கிறதா என்று கேட்கவில்லை. கேட்டால் எங்களுக்காக எதையோ செய்யச் சொல்வது போலிருக்கும்.

விருந்துக் கூடம் மாடியில் இருந்தது. வெளியே அகலமான மரப்படிகள். படிக்கட்டின் அடியில் மேசை போட்டு ஒரு பெண் சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சட்டையில் மேவிஸ் என்று பெயர் குத்தியிருந்தது. அவள் பின்னால் துணியில் பெரிதாக எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள்: இந்த வருட விருந்துப் பணம், சாய்தளம் கட்டுவதற்கு.

ஆர்டிஸ் சக்கர நாற்காலியில் இருந்தபடி அதைப் படித்தாள். படிகளைப் பார்த்தாள். மறுபடி படித்தாள்.

மேவிஸின் முகம் சிவந்தது. "அடுத்த வருஷம் வாங்கம்மா. நேரா மேலயே போயிடலாம்."

"அதுவரைக்கும் பசி தாங்காதே."

"தட்டுல போட்டுக் கார்லயே குடுத்துடறேன். சூடா இருக்கும்."

"வேலைல இருந்த காலம் பூரா கார்லதான் சாப்பிட்டேன்" என்றாள் ஆர்டிஸ். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

படிக்கட்டுக்கு அருகே நான்கு ஆண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். மான் வேட்டையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்கள், எங்களைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். பிறகு மலைப்பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அதில் உயரமானவன் காப்பிக் கோப்பையைக் கைப்பிடிச்சுவர் மேல் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான். எனக்குப் புரிந்தது. அவள் கேட்டால் தூக்க அவர்கள் தயார்.

எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்ற சமவெளிக்காரர் ஒருவர் முன்னால் வந்தார். புதுக் கட்டம் போட்ட சட்டை. கடை மடிப்புக்கூடக் கலையவில்லை.

"மேடம், நாங்க உங்களத் தூக்கிட்டுப் போறோம். ஒரு நிமிஷ வேல."

"பரவால்ல. நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றாள் ஆர்டிஸ். தும்மல் மாதிரி தானாக வந்த வார்த்தை.

அவர் அந்த நால்வரைப் பார்த்தார். "நீங்கல்லாம் இங்கதானே நிக்கறீங்க. ஒருத்தராவது ஏதாவது செய்யக் கூடாதா?"

"அவங்க கேக்கலயே" என்றான் உயரமானவன். கோபமாகச் சொல்லவில்லை. மணி என்ன என்றதற்குப் பதில் சொல்வது போல.

ஆர்டிஸ் சக்கரங்களைப் பிடித்து நாற்காலியைக் கார்ப்பக்கம் திருப்பினாள். நான் சாவியை எடுத்தேன். மேலே முதல் பந்திக்கு மணி அடித்தார்கள். கதவு திறந்ததும் கறி வாசனை இறங்கி வந்தது.

அவள் நாற்காலி நின்றது.

"பூசணி மசியல் இருக்கா?" என்று மேவிஸைக் கேட்டாள்.

"இருக்கு."

"யாராவது என்னத் தூக்கணும்" என்றாள் தரையைப் பார்த்து. சக்கரத்திடம் சொல்வது போலிருந்தது. ஒருவரும் அசையவில்லை. அவள் நாற்காலியை முழுசாகத் திருப்பினாள்.

"ஏம்ப்பா, உயரமா நிக்கறியே, உன்னத்தான். என்ன மேல தூக்கிட்டுப் போறீங்களா?"

"சரி" என்றான் அவன்.

அவ்வளவுதான். நால்வரும் வந்தார்கள். நாற்காலியை எங்கே பிடிப்பது என்று ஒரு வார்த்தையில் பேசி முடித்தார்கள். சமவெளிக்காரரும் கை கொடுக்க வந்தார். "நீங்க எங்களுக்குக் கீழ நில்லுங்க சார். விழுந்தா நீங்கதான் மெத்தை" என்றான் ஒருவன்.

ஆர்டிஸ் கண்களை மூடிக்கொண்டாள். கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். பின்னாலேயே ஏறினேன்.

மேலே நீள மேசைகள். கோழிக்கறி, மேலே ரொட்டி மூடிச் சுட்டது. முட்டைக்கோஸ், பூசணி, ஆப்பிள் பணியாரம். கிண்ணங்கள் கைமாறின. தூக்கியவர்கள் எதிரே உட்கார்ந்தார்கள். தூக்கியதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. ஆர்டிஸ் இரண்டு முறை கறி வாங்கிக்கொண்டாள். சாப்பிட்டு முடித்ததும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள்.

"இப்ப இறக்கணும்" என்றாள். இந்த முறை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்.

திரும்பும்போது அவள் இலைகளைப் பார்க்கவில்லை. மடியில் கைகளை வைத்து அவற்றைப் பார்த்துக்கொண்டு வந்தாள். எங்கள் மண்சாலைக்குத் திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது.

"ரோலண்ட் வீட்டுல நிறுத்து."

நிறுத்தினேன். ரோலண்ட் வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்துத் தலையசைத்தான். ஆர்டிஸ் கண்ணாடியை இறக்கினாள்.

"விறகு நல்லாக் காஞ்சிருக்கு" என்றாள்.

"பரவால்ல. எங்க போயிட்டு வர்றீங்க?"

"இலை பாக்க."

அவன் என்னைப் பார்த்தான். நான் சாலையைப் பார்த்தேன்.

"எப்படி இருந்துச்சு?"

"இருந்துச்சு."

ரோலண்ட் இன்னும் இரண்டு கட்டைகளை எடுத்து வைத்தான். நான் இன்ஜினை நிறுத்தினேன்.

"அந்தப் பலகைங்க இருக்கா?" என்றாள்.

"எது?"

"வசந்தத்துல எங்க வீட்டுக்குக் கொண்டுவந்தியே."

"அதுவா. கன்னுக்குட்டிக் கொட்டகைக்குப் போட்டுட்டேன்."

"நல்லது. கன்னுக்குட்டிக்கு வேணுமே."

"ஆமா."

"சரி."

கண்ணாடி மேலே ஏறியது. நான் சாவியில் கை வைத்தேன். முடிந்தது என்று நினைத்தேன். திங்கட்கிழமை இவளுடைய பாத்திரங்களை யார் கட்டி எடுத்துப் போவது என்றுகூட யோசித்தேன். கண்ணாடி பாதியில் நின்றது. கீழே இறங்கியது.

"எனக்குச் சாய்தளம் வேணும், ரோலண்ட். பனிக்கு முன்னாடி. இல்லன்னா நான் போகணும். போட்டுத் தர்றியா?"

ரோலண்ட் கையுறைகளைக் கழற்றி விறகின் மேல் வைத்தான். காருக்கு அருகே வந்தான்.

"மண்ணு இன்னும் உறையல. கால் நட்டுடலாம். பலகைக்கு மரமில்லுல சொல்றேன். நாளைக்குச் சர்ச் முடிஞ்சதும் அளக்க வர்றேன்."

"திங்கக்கிழமை டெரிக் வர்றான். அந்த ரூமுக்குக் கையெழுத்து வாங்க."

"வரட்டும். பலகையப் பிடிக்க ஆளு வேணும்."

ஆர்டிஸ் மூக்கைத் துடைத்தாள்.

"எந்தப் பக்கமா இறக்கட்டும்?" என்றான் ரோலண்ட். "மேப்பிள் பக்கமா, உன் விறகுக் கொட்டகைப் பக்கமா?"

அவள் தன் வீட்டுத் திசையைப் பார்த்து யோசித்தாள்.

"கொட்டகைப் பக்கம்" என்றாள். "மேப்பிள் பக்கம் இலை விழுந்து வழுக்கும்."