தண்ணி ஏறாத டாங்கி

1.

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பிள்ளைகள். இந்தக் கதையில் எனக்குக் கிடைத்தது ஒரேயொரு வசனம். கிண்ணியாத் துறையில் தோணிக்குக் காத்து நின்றபோது எனக்கு முன்னால் நின்றவர் பக்கத்தில் நின்றவருக்குச் சொன்னார்: "அந்தாள் ஒட்டின டாங்கி தண்ணியில மிதந்ததாமே!" தோணி வந்தது. அவர்கள் ஏறினார்கள். எனக்கு இடமில்லை.

மிச்சமெல்லாம் என் கட்டுமானம். அதை ஒளிக்கவும் மாட்டேன், அதற்காக வெட்கப்படவும் மாட்டேன்.

2.

"அன்றைக்கு உட்துறைமுகம் வெள்ளித் தட்டைப் போல—"

விட்டேன். அபூதாஹிர் (தோணித்துறையில் கேட்ட 'அந்தாளு'க்கு நான் வைத்த பேர்) கடலைப் பார்க்கிற ஆள் இல்லை. வள்ளத்தின் அடியைப் பார்க்கிற ஆள்.

2. (மறுபடியும்)

ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்தைந்து. அபூதாஹிருக்கு நாற்பத்தாறு வயது. தொழில் கலப்பத்து.* தேயிலை ஏற்ற வந்த கப்பலொன்றின் உயிர்காப்புப் படகில் எல்லாரும் தேடிக் களைத்த ஒழுக்கை அவர் உள்ளங்கையால் தடவியே கண்டுபிடித்து அடைத்தார். மனம் குளிர்ந்த கப்பல் இஞ்சினியர் ஒரு காகிதப் பெட்டியை அன்பளிப்பாகக் கொடுத்தார். உள்ளே, பிரிட்டிஷ் யுத்த டாங்கியொன்றின் குட்டி உருவம், ஒட்டிச் சேர்க்கும்படி துண்டு துண்டாக. அந்தக் காலத்துப் புத்தம்புது டாங்கி; முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவு. விளக்கத் தாளில் இருந்தது யப்பான் எழுத்து.

(* பலகைக்கும் பலகைக்கும் நடுவிலுள்ள இடுக்கில் பஞ்சை அடித்து இறுக்கி, எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தை மேலே பூசுவது. ஒரு நூலிடை தவறினாலும் நடுக்கடலில் அதற்கு விலை உண்டு.)

3.

பெட்டியைச் சரீபின் தேத்தண்ணிக் கடையில் வைத்துத்தான் திறந்தார். அங்கே தவராசா இருந்தார். துறைமுகக் களஞ்சியத்தில் வேலை. எதையும் எண்ணிப் பார்க்காமல் தொடமாட்டார். அபூதாஹிரை அண்ணன் முறை வைத்து 'நானா' என்றுதான் கூப்பிடுவார்.

(முதல் பிரதியில் தவராசாவைப் பொல்லாதவராக எழுதியிருந்தேன். இரண்டு நாள் போக, எனக்கே பொறுக்கவில்லை. பகிடி விட்டுச் சிரிக்கிறவன் எல்லாம் பொல்லாதவனா?)

"நானா, இருநூறு துண்டுக்கு மேல கிடக்கு. இது உங்கட பஞ்சடிக்கிற வேலை இல்லை. கொண்டு போய் அலுமாரியில வையுங்கோ, வடிவாயிருக்கும்."

"ஒட்டிக் காட்டினா?"

"ஒட்டுவீங்கள். பிறகு கை நிறைய மிச்சத் துண்டோட வந்து, இதெல்லாம் தேவையில்லாத சாமான் எண்டுவீங்கள்."

கடை சிரித்தது. அபூதாஹிர் சிரிக்கவில்லை.

"தவராசா, தொழில் தெரிஞ்சவன் எண்டு ஊரெல்லாம் என்னைப் பாஸ் எண்டுதானே கூப்பிடுது? ஒரு துண்டு மிஞ்சினா, ஒரே ஒரு துண்டு, அதுக்குப் பிறகு ஒருத்தரும் என்னைப் பாஸ் எண்டு கூப்பிட வேணாம். வெறும் அபூதாஹிர்."

இவ்வளவு பெரிய வார்த்தையை அவர் விட்டிருக்கத் தேவையில்லை. நான் தடுத்தும் பார்த்தேன்; "சரி பாப்பம்" என்று மட்டும் சொல்ல வைத்தேன். அந்த வசனம் அவர் வாயில் நிற்கவில்லை.

4.

பெட்டிக்குள் வந்த பசை காய்ந்து கல்லாகியிருந்தது. இறக்குமதியெல்லாம் மறித்திருந்த காலம். வேறு பசைக்கு எங்கே போவது? துண்டுகளை வெட்டியெடுத்த பிறகு மிஞ்சுகிற பிளாஸ்டிக் சட்டத்தை நறுக்கி, வர்ணம் கரைக்கிற தின்னரில் போட்டார். கரைந்து பாகாய் வந்தது. அந்தப் பாகே பசை. டாங்கியை டாங்கியாலேயே ஒட்டினார்!

சில்லுகள் ஒருபக்கம் பன்னிரண்டு. பீரங்கிக் குழாய் இரண்டு பாதி. அவற்றைச் சேர்த்து அராவினார், ஒட்டின தையல் தெரியாமல் போனது. பிறகு அடிப்பாகத்தைப் புரட்டினார்.

ஓட்டைகள்.

மோட்டர் பூட்டி ஓட்ட விரும்புகிறவர்களுக்காகக் கம்பனி விட்டிருந்த துவாரங்கள் அவை. மோட்டர் தனியாக வாங்க வேண்டிய சாமான், பெட்டிக்குள் இல்லை. அபூதாஹிருக்கு அது எங்கே தெரியும்? வாழ்நாள் முழுவதும் ஓட்டையைக் கண்டால் அடைத்த கை. அவருக்கு விளங்கியது ஒன்றுதான்: யப்பான்காரன் பாவம், கவனமில்லாமல் விட்டுவிட்டான்.

"தரையில போற சாமானுக்கு என்னத்துக்கு இந்தப் பாடு?" என்றா அசனா, அவருடைய மனைவி. "உள்ளுக்கு இருக்கிற ஆமிக்காரன் தண்ணி வருதெண்டு முறைப்பாடு வச்சானா?"

"அடி ஓட்டையா இருந்தா அது வேலையா, புள்ள?"

பஞ்சை மயிரிழையாக்கி, பாகில் தோய்த்து, ஊசி முனையால் இறுக்கினார். காயவிட்டு அராவினார். பீரங்கி நிற்கிற மேற்கோபுரத்தின் இடுக்கையும் விடவில்லை. கடைசியில் வள்ளத்துக்குப் பூசுகிற பச்சை. அடைத்த இடம் எதுவென்று நானே தேடித் தோற்றேன்.

5.

வெள்ளிக்கிழமை காலை. ஜும்ஆ முடிய டாங்கி கடைக்குப் போக வேண்டும். வெறும் பெட்டியில் நூல்கட்டைகளைப் போட்டு வைக்க அசனா அதைத் தட்டினா. மடிப்புக்குள் இருந்து ஒரு துண்டு விழுந்தது. மிளகாய் விதையை விடக் கொஞ்சம் பெரிது.

"இஞ்சப் பாருங்க. இது எதுக்குள்ள?"

அவர் தாளை விரித்தார். எழுத்து தெரியாவிட்டாலும் படம் தெரியுமே. மோட்டரின் சுவிச்சுத் தடி. அது போகும் இடம் அடிப்பாகத்திலுள்ள நீளத் துவாரம். இப்போது துவாரம் இல்லை.

"வெட்டித் திறந்து வையுங்களன்."

"வெட்டினா வடு நிக்கும்."

"அப்ப எறியுங்க. ஆருக்குத் தெரியும்?"

அவர் தாளை மடித்தார். துண்டைக் கைக்குள் பொத்திக்கொண்டார்.

(இந்த இடத்தில் மூன்று கிழமை நின்றேன். அவர் அதைக் கடலில் எறிகிறார் என்று எழுதினேன், அடித்தேன். அசனா அதை விழுங்கிவிடுகிறா என்றும் எழுதினேன். சிரிக்காதீர்கள், அவ செய்யக்கூடியவ.)

6.

கடைக்குள் நிற்க இடமில்லை. மேசையில் பச்சை டாங்கி. தவராசா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு புரட்டினார்.

"என்ன நானா, அடியில ஒரு பொட்டு இடுக்கும் இல்லை? டாங்கியோ வள்ளமோ?"

அபூதாஹிர் டாங்கியை வாங்க இடது கையை மட்டும் நீட்டினார். வலது கை பொத்தியபடி.

"சரீப், ஒரு பேசினில தண்ணி கொண்டா."

தண்ணீரில் வைத்தார். டாங்கி ஒருமுறை முக்குளித்தது. கடை மூச்சைப் பிடித்தது. நிமிர்ந்து, பீரங்கியை உயர்த்தியபடி மிதந்தது. தேத்தண்ணி ஆறும்வரை பார்த்தார்கள். தவராசா எடுத்துக் காதருகே குலுக்கினார். உள்ளே ஒரு சொட்டுச் சத்தமில்லை.

"யப்பான்காரன் செய்யாத வேலை இது," என்றார் தவராசா. குரலில் பகிடி இல்லை. "நான் தோத்தன். ஒரு துண்டும் மிஞ்சேல்லை எண்டு உங்கட வாயால ஒருக்காச் சொல்லுங்கோ, பாஸ். அது போதும்."

எல்லாரும் அவருடைய வாயைப் பார்த்தார்கள். நான் கையைப் பார்த்தேன்.

7.

எனக்குத் தெரிந்த வசனம் மிதந்ததோடு முடிந்துவிட்டது. இனி உள்ளதை எழுத என்னால் ஏலாது என்றில்லை. ஏலும். "ஓம், மிஞ்சேல்லை" என்று அவரைச் சொல்ல வைத்தால் கடை கைதட்டும், அவர் பாஸ்தான். கையை விரிக்க வைத்தால் பேர் போகும். ஆனால் விரித்த கையைத் தவராசா எப்படிப் பார்ப்பார் என்று யாருக்குத் தெரியும்? இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டும் நல்லாய்த்தான் இருக்கிறது. தரமாட்டேன்.

அவருடைய கை பொத்தியபடி இருக்கிறது. உங்களிடம் விடுகிறேன், பிள்ளைகள். விரிப்பதோ விடுவதோ உங்கள் பாடு. ஒன்றே ஒன்று கேட்கிறேன்: எந்த முடிவை எழுதினாலும், அந்த மனிசனைத் தலை குனிய வைத்து எழுதாதீர்கள்.