மூடிய தட்டு

அழைத்தவன் சென்னையிலிருந்து பேசினான். வண்டன்மேட்டு ஏலக்காய் ஸ்டோரில் காய் பிரிக்கும் மேசையை விட்டு எழுந்து, கழுவாத கையோடு போனைக் காதில் வைத்தாள் சுருளியம்மாள். டிவி சமையல் போட்டிக்கு அவள் எழுதிப் போட்டிருந்த பெயர் முதல் தேர்வில் வந்திருக்கிறதாம். பக்கத்துப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு அவள் வாயையே பார்த்தார்கள். இந்த வருடத்திலிருந்து நிகழ்ச்சியை மாற்றிவிட்டோம் என்று அவன் அடுத்துச் சொன்னதை மட்டும் அவள் அவர்களிடம் சொல்லவில்லை.

ஆறு வருடமாக ஒரு ஞாயிறு விடாமல் பார்த்த நிகழ்ச்சி. சமைத்தவர் யாரென்று நடுவர்களுக்குத் தெரியாது. மூடிய தட்டு, அதன்மேல் ஒரு எண், அவ்வளவுதான். ருசி பார்த்துத் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் திரை விலகும். பெரிய ஓட்டல்காரர் ஒருவரைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு ஒரு லாரி டிரைவர் ஜெயித்தபோது, என்னவோ தன் வீட்டுப் பிள்ளை ஜெயித்ததுபோல ஸ்டோர் முழுக்க மிட்டாய் கொடுத்தவள் அவள். இருபது வருடமாக அவளும் அப்படித்தானே காய் பிரிக்கிறாள்? யார் தோட்டத்துக் காய் என்று கேட்பதில்லை. நிறத்தையும் பருமனையும்தான் பார்ப்பாள். தன் குழம்பையும் ஒருநாள் யாராவது அப்படித் தரம் பார்க்க வேண்டும். கூலிக்காரி, தாலியறுத்தவள், பாவம் என்ற பேச்சு எதுவும் அந்தத் தட்டுக்குள் நுழையக் கூடாது. அவளுக்கிருந்த ஆசை அது ஒன்றுதான்.

இப்போது மூடியே கிடையாதாம். கஷ்டத்தைச் சொல்லிக்கொண்டே சமைக்க வேண்டும். பார்ப்பவர்கள் ஓட்டுப் போடுவார்கள். வீட்டுக்காரர் ஜீப் கவிழ்ந்து செத்ததைச் சொல்லி வீடியோ ஒன்று அனுப்பச் சொன்னான். சேலைக்கு மேல் வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டால் இன்னும் விசேஷமாம்.

பிடிக்கவில்லையென்றால் விட்டுவிடு என்று மகள் இந்து எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். சுருளியம்மாளுக்கு மனம் வரவில்லை.

"உள்ள போயிட்டா நடுவருக ஒரு வாயாச்சும் திங்காமலா இருப்பாக?"

ஞாயிறு காலை கம்பத்திலிருந்து அயிரை மீன் வாங்கிவரச் செய்து குழம்பு கூட்டினாள். இந்து போனைப் பிடித்தாள். புருஷன் சின்னமுத்துவின் கதையை மூன்று தடவை சொல்லியும் கண் ஈரமாகவில்லை. அழ வேண்டியதையெல்லாம் பன்னிரண்டு வருடத்தில் அழுது தீர்த்தாயிற்று. தவிர, உயிரோடு இருந்த காலத்தில் குழம்பு நன்றாயிருக்கிறது என்று வாய் தவறிக்கூடச் சொன்ன மனுஷன் இல்லை அவன்.

"அழுதாத்தேன் எடுத்துக்கிருவாகளாம்மா," என்றாள் இந்து, முகத்தைப் பார்க்காமல்.

பெற்ற மகள் வாயிலிருந்தே அது வந்ததும் சுருளியம்மாளுக்கு நெஞ்சு பொருமியது. இந்த டிவிக்காரர்களையா ஆறு வருடம் நம்பினோம் என்ற ஆத்திரத்தில், கரண்டியும் கையுமாக ஓவென்று அழுதாள். அதில் சின்னமுத்துவுக்கென்று ஒரு சொட்டு இல்லை.

வீடியோ போன பத்தாவது நிமிடம் பதில் வந்துவிட்டது. தேர்வாகிவிட்டாள். இதே அழுகை அரங்கத்திலும் வேண்டுமாம். என்ன குழம்பு என்று அவர்கள் கேட்கவேயில்லை.

இந்து சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்தாள். ஒரு வாய் வைத்தவள் மெல்லாமல் அம்மாவைப் பார்த்தாள்.

"உப்பே போடலம்மா."

சுருளியம்மாள் டப்பாவைத் திறந்து உப்பை அள்ளினாள். தரையில் கிடந்த போனில் ஓடிய வீடியோவில் அவள் முகம் மறுபடியும் அழுதுகொண்டிருந்தது. உப்பில்லாத இந்தக் குழம்பைத்தான் அவர்கள் தேர்வு செய்திருந்தார்கள். சட்டிக்கு மேலே நீட்டிய கையை அவள் திறக்கவில்லை.