எட்டில் நின்ற முள்

சென்னகிருஷ்ணனுக்கு வயது ஐம்பத்திரண்டு. பீளமேட்டில் பம்ப்செட் பவுண்டரி, அன்னூரில் தோட்டம், பாதி வழுக்கை எல்லாம் வந்து சேர்ந்தும் அவர் இன்னும் 'சின்னவர்'தான். 'பெரியவர்' என்றால் அண்ணன் கோவிந்தராஜுலு. அண்ணன் காலமாகிப் பத்து மாதம் ஆகிவிட்டது. அந்தப் பட்டம் மட்டும் சாகாமல் பவுண்டரி வாசலிலேயே உட்கார்ந்திருந்தது. "பெரியவர் இருந்தா இப்படிப் பண்ணியிருப்பாருங்களா?" என்று வாட்ச்மேன்கூடக் கேட்டான்.

டிசம்பரில் தலைத்திவசம். மறுநாள் சொந்தபந்தம் மொத்தமும் வால்பாறை எஸ்டேட் பங்களாவுக்குப் போவதாக ஏற்பாடு. மலையேறும்போது முன்னால் போவது எப்போதுமே பெரியவரின் ஜப்பான் ஜீப்தான். இந்த வருஷம் அதை ஓட்டிக்கொண்டு ஒரே மூச்சில் முதல் ஆளாக மேலே போய் நின்றுவிட்டால், அப்புறம் எவன் சின்னவர் என்பான்?

காட்டூரில் பட்டறை வைத்திருக்கும் சந்தியாகுவிடம் ஜீப்பைக் கொண்டுபோய் நிறுத்தினார்.

"டர்போ அழுத்தத்தை ஏத்தணும், சந்தியாகு."

டர்போ என்பது எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் சின்னச் சக்கரம். எட்டு பவுண்டு அழுத்தத்துக்கு மேல் போகாமல் ஒரு கம்பி அதைப் பிடித்திருக்கும்.

"கம்பெனிக்காரன் எட்டுதானுங்க குடுத்திருக்கறான். காத்தக் கூட்டுனா டீசலும் கூட்டோணும். சூடு தாங்காதுங்க. உங்கண்ணன் என்ன சொல்லுவாரு? 'எட்டே போதும் சந்தியாகு, பறக்கவா போறோம்?'" என்று பெரியவரைப் போலவே மூக்கால் சொல்லிக் காட்டினான்.

"அவர் ஓட்டினது கட்டை வண்டி மாதிரி. நான் ஓட்டறேன், நீ பாரு."

அழுத்தம் ஏறுவதை உறவினர்களும் பார்க்க வேண்டாமா? அதற்காக சிங்கப்பூரிலிருந்து ஒரு மீட்டர் வரவழைத்திருந்தார். அதைப் பாதி மாட்டியிருந்த நிலையில் ஆயுத பூஜை வந்தது. பவுண்டரியில் எல்லா இயந்திரத்துக்கும் தன் கையாலேயே சந்தனம் வைப்பது பெரியவரின் வழக்கம். இந்த வருஷம் சென்னகிருஷ்ணன் பட்டு வேட்டியோடு கிண்ணத்தை ஏந்தினார். கடைசல் இயந்திரம், கிரேன், தராசு, டெலிபோன், எதையும் விடவில்லை. பட்டறையிலிருந்து வரவழைத்த ஜீப்பின் பானட்டைத் திறக்கச் சொல்லி, கண்ணில் பட்ட எல்லாவற்றிலும் விரலை அழுத்தி அழுத்திச் சந்தனம் வைத்தார். போட்டோகிராபர் வேறு, "இன்னொருக்கா வைங்க சார்" என்றான். வைத்தார்.

இரண்டு நாள் கழித்து மீட்டரை மாட்டி ஓட்டினார்கள். முள் ஏறி எட்டில் நின்றது. சந்தியாகு கம்பியின் பிடியில் ஒரு வாஷர் வைத்தான். பம்பில் டீசலையும் கூட்டினான். முள் எட்டு. இன்னொரு வாஷர். எட்டு.

சென்னகிருஷ்ணன் வண்டியை நிறுத்திச் சாவியையும் உருவினார். முள் எட்டிலேயே நின்றது.

எஞ்சின் செத்தபின் காற்று ஏது? முள் மட்டும், யாரோ விரலால் பிடித்ததுபோல, அசையவில்லை.

"மீட்டருக்குக் காத்து போற டியூப்பக் கழட்டிப் பாக்கட்டுங்களா? வண்டி நல்லா இழுக்குதுங்க. முள்ளுதான் பொய் சொல்லுது."

"தொடாதே!" என்று கத்திவிட்டார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "சிங்கப்பூர் சீல். தொட்டா வாரண்டி போயிரும்" என்றார். திறந்தால் உள்ளே யார் இருப்பார் என்ற பயத்தை மெக்கானிக்கிடம் சொல்ல முடியுமா?

"நீ வாஷரைப் போடு. அவரா நானா, பாத்துடறேன்."

"எவருங்க?"

மூன்றாவது வாஷரும் ஏறியது.

அதற்குப் பிறகு டர்போவின் விசில் மாறியதாக அவருக்குத் தோன்றியது. அண்ணன் பேப்பர் படிக்கும்போது பல்லிடுக்கில் ஊதுவாரே, தம்பி சொன்ன கணக்கு பிடிக்காவிட்டால் சற்று நீளமாக, அதே ஊதல். பின்சீட்டைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்.

"ஏனுங்க, கண்ணாடிய எதுக்கு மேல திருப்பி வெச்சிருக்கறீங்க?" என்றாள் மனைவி கீதா. "ஆகாசத்துல யாராச்சும் பின்னால வாராங்களா?"

"நீ பேசாம வா."

மலையேறும் நாளும் வந்தது. ஆழியாறு தாண்டி முதல் வளைவில் ஆக்சிலேட்டரை மிதித்தார். ஜீப் பாய்ந்தது, பின்னால் வந்த ஆறு வண்டிகளும் பொம்மைகளாகச் சிறுத்தன. முள் மட்டும் எட்டை விடவில்லை. அவர் சாலையைவிட முள்ளைத்தான் அதிகம் பார்த்தார்.

"விடுண்ணா" என்றார் வாய்க்குள். இன்னும் மிதித்தார். "கையை எடுண்ணா!"

"யாருகிட்டப் பேசறீங்க?" என்றாள் கீதா.

ஒன்பதாவது வளைவில் ஊதல் நின்றது. வெள்ளைப் புகை மலையை மறைத்தது. இரும்பு இரும்பை இடிக்கும் சத்தம் நாலுமுறை, அப்புறம் நிசப்தம். ஆறு வண்டிகளும் ஒவ்வொன்றாக வந்து, ஒதுங்கி, கடந்துபோயின. கடைசி வண்டியின் ஜன்னலிலிருந்து இரக்கத்தோடு ஒரு குரல் கேட்டது: "பாவம், சின்னவரு வண்டிங்க."

முள் எட்டில் இருந்தது.

ஒரு தேயிலை லாரி ஜீப்பைக் கட்டி இழுத்துவந்து பட்டறையில் விட்டது. சந்தியாகு எஞ்சினைப் பிரித்தான். ஒரு பிஸ்டனின் தலை உருகி, விரல் நுழையும் ஓட்டை. பிறகு யாரையும் கேட்காமல் மீட்டரின் டியூப்பை உருவினான்.

ஸ்ஸ் என்றது. களைத்த மனிதர் விட்ட பெருமூச்சு போல. முள் தளர்ந்து பூஜ்யத்தில் விழுந்தது. சந்தன வாசனை வந்தது. அண்ணனைக் கிடத்தியிருந்த கூடத்தின் அதே வாசனை. சென்னகிருஷ்ணன் தூணைப் பிடித்துக்கொண்டார்.

சந்தியாகு டியூப்பைத் தட்டினான். மிளகளவு மஞ்சள் கட்டி ஒன்று அவன் உள்ளங்கையில் விழுந்தது.

"பூஜையன்னிக்கு டியூப்பு வாயத் தொறந்துட்டுத் தொங்குச்சுங்க. காத்து இதத் தள்ளிட்டுப் போயி, வளைவுல அடைச்சு, காஞ்சு கல்லாயிருச்சு. உள்ள மாட்டுன காத்து அப்படியே நின்னுபோச்சு. முள்ளு மேல நம்பிக்கை வெச்சு நாம பதினாறுக்கு ஏத்திப்போட்டமுங்க." தலையைச் சொறிந்தான். "அன்னிக்குச் சந்தனம் வெச்சது யாருங்க?"

சென்னகிருஷ்ணன் தன் வலக்கை ஆள்காட்டி விரலைப் பார்த்தார். வேட்டியில் துடைத்தார். இன்னொருமுறையும் துடைத்தார்.

புதுப் பிஸ்டன் வந்து, வண்டி தயாராகப் பொங்கல் ஆகிவிட்டது. சந்தியாகு கையில் வாஷர்களை வைத்துக்கொண்டு நின்றான்.

"எத்தனைல வெக்கட்டுங்க?"

"எட்டே போதும் சந்தியாகு." குரல் நிதானமாக, கொஞ்சம் மூக்கால் வந்தது. "பறக்கவா போறோம்?"

சந்தியாகு தன்னையறியாமல் கையைக் கட்டிக்கொண்டான்.

"ஆகட்டுங்க, பெரியவரே."

ஒரு வருஷமாகக் காத்திருந்த சொல். சென்னகிருஷ்ணன் சட்டென்று திரும்பி, பின்சீட்டைப் பார்த்தார்.