திமிங்கிலக் குட்டிகளுக்குப் பக்கத்தில்

ஜப்பானில், ஒரு காலத்தில் திமிங்கில வேட்டையாடிய கடலோரக் கிராமத்துக்கு வேலைக்குப் போன யோகேந்திரன், படகு கவிழ்ந்து கடலோடு போய் இரண்டு வருஷமாகிறது. உடல் கிடைக்கவில்லை. "உடம்ப காட்டு, அப்புறம் படையல் பத்திப் பேசு" என்று மலேசியாவில், பாக்கார் ஆராங்கிலுள்ள தன் வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்களையெல்லாம் விரட்டியடித்தாள் அவன் தாய் குணசுந்தரி.

அந்தக் கிராமத்தில் திமிங்கிலங்களுக்கும் திதி உண்டு. கொன்ற தாயின் வயிற்றில் இருந்த குட்டிகளைக் கடலைப் பார்த்தபடி புதைத்துக் கல் நட்டிருக்கிறார்கள். இந்த வருஷம் அங்கே யோகேந்திரனுக்கும் ஒரு கல் நட்டு, குணசுந்தரியின் மகள் நளினிக்குப் படம் அனுப்பியிருந்தார்கள்.

"மீனுக்குப் பக்கத்துலயா எம்புள்ள?" என்று சீறிக்கொண்டே குணசுந்தரி கைப்பேசியைப் பிடுங்கினாள்.

கல்லில் தமிழ் எழுத்து. மாதாமாதம் அவள் அனுப்பிய மசாலாப் பொட்டலங்களின் மேல் எழுதியிருந்ததைத்தான் அவன் பெயரென்று நினைத்து, அவள் கையெழுத்திலேயே செதுக்கியிருந்தார்கள்.

'சாப்பிட்டியாடா?'

"தப்பா எழுதிட்டாங்கம்மா. மாத்தச் சொல்லவா?" என்றாள் நளினி.

"வேணாம்லா. இருக்கட்டும்."

குணசுந்தரி எழுந்து போய் அரிசி களைந்தாள். அன்றைக்குத்தான் அவனுக்கு முதன்முதலாக இலை போட்டாள்.